அஸ்ரின் நெஞ்சுல சிக்குன சக்கரம்

லப்பைக்குடிக்காடு,
வியாழக்கிழமை.

அன்பு மகன் தௌஃபீக்குக்கு அத்தா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையால இங்க எல்லாரும் உசுரோடயும் சொகத்தோடயும் இருக்கோம், கடலுக்கு நடுவுல நீயும் அப்படியே இருக்கணும்னு தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கிட்டு இருக்கேன். மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், அத மனசுல வச்சுக்கிட்டு மீதியப் படி. ஒன் மக அஸ்ரின் நல்லா இருக்கா. நான் இத எழுதிக்கிட்டு இருக்கையில அவ சமையக்கட்டுல ஒரு சட்டியக் கரண்டியால தட்டிக்கிட்டு இருக்கா, ஒங்கம்மா தலைய வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே அதப் புடுங்காம விட்டு வச்சிருக்கா. நீ எண்ணெய் ரிக்குல இருந்து கரைக்கு வந்து ரூமுக்குப் போறப்ப இந்தக் கடுதாசி அங்க இருக்கும். ஒங்க கம்பெனி யார்டுல வேலை பாக்குற திட்டக்குடி வேல்முருகன் லீவு முடிஞ்சு நாளைக்குக் கெளம்புறான், அவன் கையில குடுத்து விடுறேன். போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்ப. போன்ல சொன்னா நீ பாதியிலயே கத்த ஆரம்பிச்சுடுவ, சொல்ல வேண்டியது சொல்லாமலே போயிடும். அதனால நீ இதப் படிச்சு முடிக்கிற வரைக்கும் எதையும் சொல்ல வேணாம்னு ஒன் பொஞ்சாதி ஹுஸ்னாகிட்ட கேட்டுக்கிட்டேன். அவளுக்கு இதுல முழு சம்மதம் இல்ல, எனக்காகத்தான் ஒத்துக்கிட்டா.

போன பெருநாளைக்கு நீ ஒன் தம்பி ஆசிப்புக்குத் துண்டு துண்டா ஒட்டிச் செய்யுற ஒரு விமானப் பொட்டி அனுப்புனியே, சண்டை விமானம், கப்பல் மேலேருந்து கெளம்புற வகை, அத இந்த மார்கழியிலதான் தொறந்தான். இவ்வளவு நாளா ஏன்டா வச்சிருந்தேன்னு கேட்டேன். அவசரத்துல செய்யக் கூடாத வேலை அத்தா, சிமெண்ட் பிளான்ட்ல ஷிப்டு கொறையட்டும்னு இருந்தேன்னான். ஒனக்குத் தெரியும், நேவியில சேரணும்னு ஓட்டம், நீச்சல் எல்லாம் பழகி, கடைசியில மெடிக்கல்ல கலர் பார்வை சரியில்லன்னு திருப்பி அனுப்புனாங்க. அதுக்கப்புறம் அதப் பத்தி அவன் வாயே தொறக்கல. ஆனா இந்தப் பொட்டியத் தொறந்த பிறகு ஒங்கம்மாகிட்டயும் என்கிட்டயும் சோறு திங்கையில எல்லாம் அதே பேச்சுதான். கப்பல்ல எடம் பத்தாதாம், அதுக்காக றெக்கையப் பாதியில மடக்கி வப்பாங்களாம். எறங்குற எடம் சின்னதாம், அதனால வாலுக்குக் கீழ ஒரு கொக்கி இருக்குமாம், அது தளத்துல கெடக்குற கம்பியில மாட்டி இழுத்து நிறுத்துமாம். தொப்புன்னு எறங்குறதால காலெல்லாம் உறுதியா இருக்கணுமாம், மூக்குக்குக் கீழ மட்டும் ரெட்டைச் சக்கரமாம். இவன் செய்யுற விமானம் மொத்தமும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தச் சக்கரம் எவ்வளவு இருக்கும்னு நெனச்சுக்க, ஒரு பட்டாணி அளவு, நடுவுல ஊசி நொழையுற மாதிரி ஓட்டை.

பின்கட்டு ரூம்ல மேசையப் போட்டு, பிளாஸ்டிக் துண்டையெல்லாம் நறுக்கி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பசை வச்சு ஒட்டி, இணைப்புத் தெரியாம இருக்கப் பூசி மறுபடியும் தேச்சு, ஒரு மாசம் அதுலயே கெடந்தான். சின்ன கம்ப்ரஸர் ஒன்னு வாங்கி, பேனா மாதிரி இருக்குற ஸ்பிரேயில பெயின்ட் அடிச்சான். விமானம் பூரா சாம்பல் கலர்தான், ஆனா மேல ஒரு சாம்பல், வயித்துப் பக்கம் ஒரு சாம்பல், மூக்கு வேற சாம்பல். அவன் கண்ணுக்கு ரெண்டு ஒன்னாவே தெரியுதுன்னு ஹுஸ்னாவக் கூப்புடுவான். அவ அடுப்ப அணைச்சுட்டுப் போயி, இதுல பச்சை கலந்திருக்கு, இதுல நீலம் கூடிப் போச்சுன்னு சொல்லிட்டு வருவா. அவ சொன்ன பிறகுதான் அடிப்பான். அக்கா தம்பி மாதிரி அந்த ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தத நீ பாத்திருக்கணும். புள்ளைய மட்டும் அந்த ரூமுக்குள்ள விடுறதில்ல, பெயின்ட் நெடி ஆகாதுன்னு கதவுக்குக் கொண்டி போட்டே வச்சிருப்பான்.

போன வாரம் அவனுக்கு லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால ஸ்பிரேயக் கழுவுறதுக்குக் கொல்லைக் கொழாய்க்குப் போயிருக்கான், கையில ஈரம், கொண்டி போடல. ஹுஸ்னா மாடியில காய்ஞ்ச துணிய எடுக்கப் போயிருந்தா. நான் கூடத்துல பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு பின்கட்டுல இருமல் சத்தம். போயிப் பாத்தா அஸ்ரின் மேசைக்குப் பக்கத்துல நின்னு இருமிக்கிட்டு இருக்கா, மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி, அதுக்குள்ள இருமல் சத்தமும் நின்னு போச்சு. நான் தூக்கிக் குப்புறப் போட்டு முதுகுல தட்டுனேன். ஒங்கம்மா ஓடியாந்தா. கொஞ்ச நேரத்துல மூச்சு வந்து வீல்னு அழுதா, அப்பாடான்னு இருந்துச்சு. அழுது முடிச்சு ஒங்கம்மா தோள்ல சாஞ்சுக்கிட்டு மிட்டாய் டப்பாவக் காட்டவும் ஆரம்பிச்சுட்டா. கீழ கெடந்த கடலையப் பொறுக்கித் தின்னுருப்பான்னு ஒங்கம்மா சொன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

ஆசிப் அப்பதான் உள்ள வந்தான். மேசையப் பாத்தான், அப்படியே நின்னான். பெயின்ட் அடிச்சுக் காய வச்சிருந்த ரெட்டைச் சக்கரத்துல ஒன்னக் காணோம். மேசைக்கு அடியில, பாய்க்கு அடியில எல்லாம் செல்போன் லைட்டு அடிச்சுத் தேடுனான். அப்புறம் வந்து புள்ளையோட நெஞ்சுல காத வச்சான். விசில் மாதிரி கேக்குது, ஆஸ்பத்திரிக்குப் போவணும், இப்பவேன்னான். ஒங்கம்மா கேக்கல. புள்ளை சிரிக்குது, வாழைப்பழம் குடுத்தா வயித்துக்குள்ள எறங்கி நாளைக்கு வெளிய வந்துடும்னு பழத்த உரிச்சே விட்டா. ஆசிப் அவ கையில இருந்து பழத்தத் தட்டி விட்டுட்டான். பெத்தவ கையத் தட்டுறதான்னு நானும் அவன அதட்டுனேன். அவன் என்னப் பாக்கவே இல்ல. மாடியில இருந்து எறங்குன ஹுஸ்னாவப் பாத்து, அண்ணி, வயித்துக்குள்ள போயிருந்தா இப்படிச் சத்தம் வராது, மூச்சுக்கொழாயில இருக்கு, என்னய நம்புங்கன்னான். அவ துணிக்கூடையக் கீழ வச்சுட்டுப் புள்ளைய வாங்கிக்கிட்டா.

வாடகைக் கார் ஓட்டுற வீரமுத்து கார எடுத்துட்டு வந்தான். ஏறுறப்ப ஒங்கம்மா வாசல்ல நின்னுக்கிட்டு ஒன்னு சொல்லிட்டா. எம்பேத்திக்கு எதாச்சும் ஆச்சுன்னா நீ இந்தப் படி ஏறக் கூடாதுடான்னு. தெருவே கேட்டுச்சு. அவன் ஏறி உக்காந்தான். திருமாந்துறைக்கு முன்னால எறையூர் சக்கரை ஆலைக்குப் போற கரும்பு டிராக்டருங்க வரிசையா நிக்குது, ஒன்னு கவுந்து கரும்பெல்லாம் ரோட்டுல. ஆரன் அடிச்சும் பிரயோசனம் இல்ல. புள்ளை ஹுஸ்னா மடியில தூங்கிப் போயிட்டா, அந்தத் தூக்கம்தான் எங்களுக்குப் பயம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ள இழுக்குது. ஹுஸ்னா அவ பேரச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தத் தட்டிக்கிட்டே இருந்தா. ஆசிப் எறங்கி ஓடி, ரோட்டுல நின்ன ஆளுங்களக் கூட்டிக் கரும்புக் கட்டுங்கள எல்லாம் ஓரமா இழுத்துப் போட்டு ஒரு கார் போற அளவுக்கு வழி பண்ணான். திரும்பி வந்து ஏறுறப்ப கையெல்லாம் கரும்புச் சோகை கிழிச்சு ரத்தம்.

பெரம்பலூர்ல பாத்த டாக்டரம்மா சின்ன வயசு, ஆனா நெதானமானவங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க, அதுல சக்கரம் தெரியல. எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. அவங்கதான் சொன்னாங்க, பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில விழாது, ஆனா வலது நுரையீரல்ல காத்து உள்ள போயி வெளிய வர முடியாம உப்பி நிக்குது, சித்தப்பா சொல்றதுதான் சரி, வாய்ல ஒன்னும் குடுக்காம திருச்சிக்குப் போயிடுங்கன்னு. ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்ணி, ஆக்ஸிஜன் வச்சு, திருச்சி ஆஸ்பத்திரிக்கு அவங்களே போன் போட்டுச் சொல்லிட்டாங்க. சிறுவாச்சூர் தாண்டுறப்ப புள்ளையோட ஒதடு நீலமாச்சு. அதுக்கு மேல அந்த வழிய என்னால எழுத முடியல தௌஃபீக்.

திருச்சியில பெரிய டாக்டர் சொன்னாரு, மயக்கம் குடுத்து வாய் வழியா கொழாய் விட்டு எடுக்கணும், சின்னப் புள்ளைங்கறதால ஆபத்து இருக்கு, தாய் தகப்பன் கையெழுத்து வேணும்னு. ஹுஸ்னா என்னப் பாத்து, அவருக்குத் தெரியாம நான் எப்படிப் போடுவேன் மாமா, கம்பெனி ஆபீஸ்ல சொன்னா ரிக்குக்குத் தகவல் போவும்லன்னு கேட்டா. நாந்தான் வேணாம்னேன். நடுக்கடல்ல நின்னுக்கிட்டு பாதிச் செய்தியக் கேட்டுட்டு நீ என்ன பண்ணுவ, அது தெரிஞ்சுதான் சொன்னேன். நீ போடும்மா, அவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்னேன். போட்டா. நான் செஞ்சது தப்புன்னா அந்தக் கோவம் என் மேல மட்டும் இருக்கட்டும்.

புள்ளைய உள்ள கொண்டு போறப்ப டாக்டர், முழுங்குன பொருள் எப்படி இருக்கும், வரைஞ்சு காட்ட முடியுமான்னு கேட்டாரு. ஆசிப் சட்டைப் பையில இருந்து ஒரு தீப்பெட்டிய எடுத்தான். அதுக்குள்ள அந்த ரெட்டையில மிச்சமிருந்த இன்னொரு சக்கரம். இது அதோட ஜோடி சார், அச்சு அசல் இதேதான், பெயின்ட் தண்ணியில கலக்குறது, நேத்தே காஞ்சுடுச்சுன்னான். டாக்டர் அத வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இந்த ஓட்டை வழியாத்தான் புள்ளைக்கு மூச்சு கொஞ்சமாவது போயிட்டு இருக்குன்னு சொல்லிட்டு, கொழாய்க்குள்ள விடுற இடுக்கிங்களக் கொண்டாரச் சொல்லி, ஒவ்வொன்னா அந்தச் சக்கரத்தப் புடிச்சுப் பாத்தாரு. ஒன்னு வழுக்குச்சு. இன்னொன்னு வெளிம்புல நழுவுச்சு. மூணாவதா எடுத்தது ஒரு முனைய ஓட்டைக்குள்ள விட்டுக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. அத எடுத்துக்கிட்டு உள்ள போனாரு. அந்தக் கதவு மூடுனதுக்கும் தொறந்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல. ஹுஸ்னா சொவத்துல சாஞ்சு ஓதிக்கிட்டு இருந்தா. ஆசிப் எங்க பக்கத்துல வராம மாடிப்படிகிட்டயே நின்னான்.

டாக்டர் வெளிய வந்து ஒரு தட்டக் காட்டுனாரு. கறுப்புச் சக்கரம், மேல பூசுன பெயின்ட் கூட அப்படியே இருந்துச்சு. ஒரே புடியில வந்துடுச்சு, வேற இடுக்கி போட்டிருந்தா நழுவி இன்னும் கீழ எறங்கியிருக்கும், பழம் கிழம் குடுத்திருந்தா மயக்கமே குடுத்திருக்க முடியாதுன்னாரு. ஹுஸ்னா அப்பதான் அழுதா. உள்ள வீக்கம் வத்துறதுக்கு ஐசியூவுல வச்சிருந்து அனுப்புனாங்க. இப்ப மருந்து கூட கெடையாது. குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருக்கு, அதுவும் சரியாயிடும்னாங்க.

இப்ப நான் எதுக்கு இவ்வளவும் எழுதுறேன்னா, ஆசிப் வூட்டுல இல்ல. திருச்சியில இருந்து வந்த அன்னைக்கு எங்கள வாசல்ல எறக்கி விட்டுட்டு அவன் எறங்கவே இல்ல. வீரமுத்துகிட்ட அரியலூருக்கு விடச் சொல்லிட்டான். அங்க பிளான்ட்ல கூட வேலை பாக்குற அரியமுத்து ரூம்ல தங்கியிருக்கான். அவன் பண்ணது ஒரு நிமிசம் கொண்டி போடாதது. அதுக்கு அப்புறம் அன்னைக்குப் புள்ளைக்காக சரியான காரியம் செஞ்சது எங்க நாலு பேர்ல அவன் ஒருத்தன்தான். ஆனா அத யாரு சொன்னாலும் அவன் காதுல ஏறல. ஹுஸ்னா அந்த விமானத்த, பெயின்ட் கொஞ்சம் கூட உரியாம, பஞ்சு வச்சுப் பொட்டியில கட்டி, இத அவன்கிட்ட குடுங்க மாமா, முடிக்கச் சொல்லுங்க, மூக்குக் கலர் இன்னும் பாக்கி இருக்குன்னு குடுத்து விட்டா. பஸ் மாறி அரியலூர் போனேன். பொட்டியப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அதக் கண்ணால பாக்க முடியல அத்தா, அண்ணனுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேசுவேன்னான். இளைச்சுப் போயிட்டான். வூட்டுக்கு வாடான்னேன். அம்மா சொன்னது சரிதான்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்டான். பொட்டியத் திரும்பத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

ஒங்கம்மா சொன்னத அவளாலயே முழுங்கவும் முடியல, திருப்பி எடுக்கவும் தெரியல. அவ கொணம்தான் ஒனக்குத் தெரியுமே. நான் சொன்னா நீங்க சும்மா இருங்கங்குறா. அதனால ஒன்கிட்ட ஒன்னு கேக்குறேன். கரைக்கு வந்ததும் ஒனக்குப் புள்ளையப் பாக்கணும்னு துடிக்கும், ஹுஸ்னாவக் கோச்சுக்கணும்னும் தோணும். ரெண்டையும் கொஞ்சம் தள்ளி வையி. மொத போன் ஆசிப்புக்குப் போடு. அதப் பத்தி எதுவும் கேக்காத, மன்னிச்சுட்டேன்னும் சொல்லாத, அந்த வார்த்தை அவன இன்னும் கொன்னுடும். சும்மா பேசு. நீ தகப்பன், ஒன் வாயால ஒரு சாதாரணப் பேச்சு வந்தாத்தான் அவனுக்கு மூச்சு வரும். அப்புறம் நீ ஹுஸ்னாகிட்ட பேசுறப்ப கொரல ஒசத்தாத. தனியா இருந்து எல்லாத்தையும் தாங்குன புள்ளை அவ. ஒடம்பப் பாத்துக்க, ரிக்குல சேப்டி பெல்ட் இல்லாம ஏறாத, வேளைக்குச் சாப்புடு, தொழுகைய விட்டுடாத. அல்லாஹ் ஒனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் குடுத்து, நல்லபடியா எங்க கண்ணு முன்னால கொண்டாந்து சேக்கட்டும்.

இப்படிக்கு ஒன் அத்தா,
அப்துல் நாசர்.

எழுதி முடிச்சு ஒங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன். கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா. வாழைப்பழத்தையும் எழுதிட்டீங்களான்னு மட்டும் கேட்டா. எழுந்து உள்ள போனவ திரும்பி வந்து கதவப் புடிச்சுக்கிட்டு நின்னு, தௌஃபீக் போன் போட்டா, ஆசிப் சாப்புட்டானான்னு கேக்கச் சொல்லுங்க, நான் கேக்கச் சொன்னேன்னே சொல்லச் சொல்லுங்கன்னா.