நின்றுகொண்டு கேட்க வேண்டிய கேள்விகள்

அபியா,
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் மசினாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. பிரிஸ்பேனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

போனில் நீ அழுததில் எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை உன் தங்கை லாங்கி சொன்னாள். உன் சட்டப் படிப்பில் ஆனர்ஸ் என்ற சிறப்புப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வைக்கும் ஒத்திகை நீதிமன்றத்தில், சாட்சியாக நடித்த நரைத்த மனிதர் உட்கார்ந்திருக்க, நின்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நீயும் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாயாம். தைரியம் போதாது என்று எழுதிவிட்டார்களாம். வியாழக்கிழமை மறுபடியும் அப்படி ஆனால் ஆனர்ஸ் போய்விடும், அதற்குமுன் நானே விலகிவிடுகிறேன் என்றாயாம். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் தலைக்குமேல் நின்று பேசுவது நம் தீவில் மரியாதை இல்லை என்று உன்னைத் தட்டித் தட்டி உட்காரவைத்தவள் நான்தானே, கோபப்படுவதானால் என்மேல் படு, படிப்பை விடாதே.

இன்று தேவாலயம் முடிந்து சாப்பிட்டதும் அப்பா பாயில் உட்கார்ந்து, "லாங்கி, அக்கா அனுப்பின கேள்விய எடு. நான்தான் அந்தக் கார் மோதினதப் பாத்த சாட்சி. நின்னு கேளு" என்றார். இரண்டாவது கேள்வியில் அவளுக்குக் கால் மடங்கியது, மூன்றாவதில் பாய்க்கே வந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து, "இப்ப நானும் நிக்கிறேன், உனக்கென்ன கூச்சம்?" என்றார். அப்புறம் பார்க்க வேண்டுமே அவளை. "மழை பேஞ்சுதுன்னீங்க, அப்புறம் தூசி எப்படிப்பா பறந்துச்சு?" என்று கேட்டாள். மகளிடம் மாட்டிக்கொண்ட சந்தோஷத்தில் அப்பா இன்னொரு தட்டு சேப்பங்கிழங்கு சாப்பிட்டார்.

நாளை விமானத்தில் அங்கே வரும் உன் மாமா மகன் செமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நீ கேட்ட கோகோவும் பையில் இருக்கிறது. ஆண்டவர் உன் நாவில் இருப்பார். வியாழன் காலை வெறும் வயிற்றோடு போகாதே.

இன்னொன்று. வியாழன் அங்கே காலை பத்து மணிக்கு உன் விசாரணை என்றால் இங்கே பகல் ஒரு மணி. அந்த நேரத்தில் அப்பா வீட்டில் எழுந்து நிற்கப்போகிறாராம், நீ முடித்துவிட்டுச் செய்தி அனுப்பும்வரை உட்காரமாட்டாராம். "அந்தச் சாட்சி ஆளு உக்காந்தா உக்காரட்டும், அவ அப்பன் நிக்கிறான்னு எழுது" என்கிறார். நான் சொன்னால் கேட்கிற மனிதரா. அதனால் கண்ணு, கேள்விகளைச் சுருக்கமாகக் கேள். அவர் முழங்கால் தாங்காது.

உன் அம்மா,
மாலியா