அப்பா சொன்ன சரிம்மா

பாசிர் ரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யாமினிக்கு அம்மா எழுதுவது. மெல்பர்னில் நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் உடம்பில் ஒரு பாகத்தைத் தவிர. நேற்று உன் போனைச் சட்டென்று வைத்துவிட்டேனே என்று கோபப்படாதே, முழுவதும் படி.

அப்பா பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஜன்னலில் வந்து உட்காரும் மைனாவை இத்தனை வருஷமாக விரட்டிய மனிதர், ஜாலான் புசார் கடைத்தெருவில் பச்சைத் தொப்பியும் முட்டி வரை ரப்பர் பூட்ஸும் வாங்கி மாட்டிக்கொண்டு போருக்குப் போகிறவர் மாதிரி நின்றார். வடக்கே வசந்தம் வந்துவிட்டதாம், குளிருக்கு இங்கே வந்த பறவைகள் திரும்புவதற்குள் பார்க்க வேண்டுமாம். துணைக்கு நானும் போனேன். தேக்கா சந்தையில் கூடி, தோசை சாப்பிட்டு, பஸ் பிடித்துக் கிராஞ்சி பக்கம் சதுப்பு நிலத்துக்குப் போனோம். குழுத் தலைவர் மருதப்பன் பாங்க் மேனேஜராக இருந்தவர், அங்கேயும் மேனேஜர்தான். பேசக் கூடாது, தும்மக் கூடாது, என் வளையல் குலுங்கியதற்கு ஒரு முறைப்பு. "கேக்குதா, மீன்கொத்தி கூப்பிடுது" என்று அவர் கிசுகிசுத்தால் அப்பா கண்ணை மூடித் தலையாட்டுவார், கச்சேரிக்கு வந்தவர் போல.

புல்வெளியைத் தாண்டிச் சேற்றோரம் போனால் கூட்டம் கூட்டமாக உள்ளான் பறவைகள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. எல்லாரும் மூச்சை அடக்கி நின்ற அந்த நேரத்தில் நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளமாக முழங்கின, அப்பாவின் சட்டைப்பையில். பறவைகள் அத்தனையும் எழுந்து பறந்தன. குழுவே அவரை முறைக்க, அவர் பைனாகுலரை இறக்காமல், "ஏன் எல்லாம் பறந்துடுச்சுலா, யாரு கல்லடிச்சா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். நெஞ்சில் மேளம் கொட்டுகிறது, அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் உறைத்தது. மீன்கொத்தியும் அவருக்குக் கேட்டிருக்காது.

போனைப் பிடுங்கினால் நீ. சரத் என்கிற பையனுடன் ஆகஸ்டில் ரிஜிஸ்டர் கல்யாணம், "அப்பாதான் போன வாரமே சரிம்மான்னுட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்கிறாய். மருதப்பன் வாயில் விரலை வைத்து நிற்கிறார், நான் என்ன பேச, வைத்துவிட்டேன். போன வாரம் யாமினி என்ன சொன்னாள் என்று நான் கேட்டதற்கு அப்பா, "அங்க மழையாம்" என்றார். உனக்குச் சொன்ன சரிம்மாவும் மீன்கொத்திக்கு ஆட்டிய தலையும் ஒன்றுதான். உனக்கும் அது வசதியாகப் போயிற்று, கேள்வி கேட்கிற அம்மாவை விட்டுவிட்டுத் தலையாட்டுகிற அப்பாவிடம் சொல்வது. எனக்கு வலிக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் கத்திச் சொன்னால் அவருக்குக் கேட்பதற்கு முன் எங்கள் அடுக்குமாடி ப்ளாக் முழுக்கக் கேட்டுவிடும், தவிர இது நீ சொல்ல வேண்டியது. காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், வரமாட்டேன் என்றால் பைனாகுலரை ஒளித்துவைப்பேன். நீ போனில் சொல்லாமல் அவருக்குக் கடிதம் எழுது, பெரிய எழுத்தில், தமிழில். சரத்தின் போட்டோவும் வை. ஒரு கொக்கை அரை மணி நேரம் உற்றுப் பார்க்கிறவர் மாப்பிள்ளையையும் பார்க்கட்டும். படித்துவிட்டு அவர் சரி என்றால் ஆகஸ்டில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து நிற்போம். அதுவரைக்கும் நீ எங்களிடம் கேட்கவே இல்லை என்றுதான் கணக்கு.

வேளைக்குச் சாப்பிடு. உன் மனசு போல எல்லாம் அமைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் மட்டும் அப்பாவுக்குப் போன் செய்யாதே, பறவைகள் பாவம்.

உன்மேல் கோபமும் ஆசையுமாக,
அம்மா வசந்தகுமாரி