ஒரே போர்வைக்குள் பிடித்த ஆவி

மாமா, அண்டா ஆறிவிட்டது. நொச்சி வாடை மட்டும் மாடி வரைக்கும் ஏறி வந்து நிற்கிறது. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒருவருக்குச் சளி என்றால் குடும்பமே ஒரு போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடிக்கும். ஆளுக்கொரு பாத்திரம் வைத்தால் ஆவி வீணாம்.

போன தீபாவளிக்குப் பிச்சாவரத்தில் படகு ஏறலாம் என்று கூப்பிட்டிருந்தீர்கள். கடலூரில் கிளம்பும்போதே எனக்கு உடம்பு கொதித்தது. பள்ளிக்கு மட்டம் போட தெர்மாமீட்டரைச் சுடுதண்ணீரில் முக்கி ஜுரம் வரவழைப்பவள், அன்று ஐஸ்கட்டியை வாயில் அடக்கி ஜுரத்தை விரட்டினேன். தெர்மாமீட்டரும் ஏமாந்தது, அம்மாவும் ஏமாந்தார்.

சிதம்பரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரே மழை. படகு இல்லை. நான் தும்மியதும் போர்வையோடு வந்தீர்கள். "வா வாலு, ஆவி புடிச்சா எல்லாம் ஓடிடும்." உள்ளே நம் நெற்றிகள் முட்டிக்கொண்டன. மசக்கையில் அந்த வாடை பிடிக்காமல் அத்தை வாசலுக்குப் போய்விட்டார். உங்களுக்குச் சர்க்கரை, வீசிங் இரண்டும் உண்டு. மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தீர்கள்.

மூன்றாம் நாள் போனில் உங்கள் நெஞ்சு விசிலடித்தது. "மாமா, ஃப்ளூ வந்தா ஃப்ளூட் ஃப்ரீயா?" என்றேன். சிரிக்கப் போய் இருமினீர்கள். இருமல் நிற்கவில்லை. அத்தை போனை வாங்கிக்கொண்டார். அப்புறம் உங்கள் குரலை நான் கேட்கவேயில்லை. என்னிடமிருந்துதான் தொற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐஸ்கட்டி விஷயம் இன்று காலை வரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அத்தையும், நீங்கள் பார்க்காத உங்கள் மகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவளுக்கு நான்கு மாதம். ஆறு மாதம் ஆகாமல் அவளுக்கு ஃப்ளூ ஊசி கிடையாது, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அம்மாவும் அத்தையும் போட்டுக்கொண்டார்கள். நான் டிமிக்கி கொடுத்துவிட்டேன்.

இன்று காலை எனக்கு நூற்றியிரண்டு. நான் இருமுவதைக் கேட்டு நொச்சியைக் கொதிக்கவைத்த அம்மா, ஜுரத்தை மட்டும் நம்பவில்லை. "கணக்குப் பரீட்சையாச்சே, ஜுரம் வராம இன்னா பண்ணும்? ஆவிய புடிச்சிட்டுக் கெளம்பு" என்று போர்வையைத் தூக்கிப் பிடித்தார். அத்தை குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார வந்தார். கிட்ட வராதீங்க என்றேன். சிரித்தார். எப்படிச் சொன்னாலும் என் பேச்சு விளையாட்டாகவே விழுந்தது. நம்பவைக்க ஒரு வழிதான் இருந்தது.

"போன தீபாவளிக்கு உங்க வூட்டுக்கு வந்தப்பவே எனக்கு ஜுரம், அத்தை. ஐஸ வாயில வச்சி மறைச்சிட்டேன்."

அம்மாவின் கையிலிருந்து போர்வை நழுவியது. அத்தை என்னையே பார்த்தார். குழந்தையின் முகத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"மாடிக்குப் போ. ஜன்னலத் தொறந்து வை."

சற்று முன் கதவுக்கு வெளியே கஞ்சியும் ஒரு மாஸ்க்கும் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கீழே உங்கள் மகள் சிணுங்குகிறாள். பசிச் சிணுங்கலா, வேறா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன், மாமா. நேற்று சாயங்காலம் முழுக்க அவள் என் மடியில்தான் இருந்தாள்.