டேப் நாற்பத்தொன்று

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைய இணக்கம் 0.71. ஆகஸ்ட் வரை 0.86.

போன வருட நோட்டைத் திறந்தால் நான் எழுதியதில் பாதி எனக்கே புரியவில்லை. இந்த முறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

விபத்துக்குப் பிறகு மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கியவர்களின் பேட்டிகள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம், ஒலி மட்டும். டேப் என்ற ஒன்றே இப்போது இல்லை, ஆனாலும் ஆய்வகத்தில் எல்லோரும் டேப் என்றுதான் சொல்கிறோம். கேட்டுவிட்டு, குரலில் எவ்வளவு பதற்றம் என்று பூஜ்யத்திலிருந்து ஆறு வரை மதிப்பெண் போட வேண்டும். ஒரே டேப்பை இரண்டு பேர், இரண்டு அறைகளில், கதவை மூடிக்கொண்டு. தாளைக் கொடுக்கும்வரை ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை ஒப்பிடுவார்கள். எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் இணக்கம். முழுசாக ஒத்துப்போனால் ஒன்று. 0.7-க்குக் கீழே போனால் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும்.

பக்கத்து அறையில் கறார். அவர் நிஜப் பெயரை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரு புள்ளிகூடச் சும்மா தரமாட்டார்.

இந்த வருட வரிசையில் டேப் 41. ஒரு லாரி ஓட்டுநர். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் சிரிக்கிறார். நான் 5 போட்டேன், கறார் 2. வித்தியாசம் மூன்று வந்தால் மட்டும் இரண்டு எண்ணையும் காட்டுவார்கள்.

"அது சிரிப்பா? நடுக்கம்ங்க அது."

"எனக்குச் சிரிப்பாத்தான் கேட்டுச்சு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஜாலியான ஆள் போல."

இணக்கம் குறைகிறது. குறைப்பது நான் இல்லை.

அக்டோபர் 9

முதுநிலை உளவியலுக்கு இந்த வருடம் ஏழு விண்ணப்பங்கள். போன வருடம் ஆறு அனுப்பினேன், ஆறு இடத்திலும் இல்லை என்றார்கள். ஜூனில் இந்த வேலையின் ஒப்பந்தம் முடிகிறது. இந்த முறையும் கிடைக்கவில்லையென்றால்—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

அக்டோபர் 14

அம்மா ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள். மேசைமேல் கிடந்த விண்ணப்பத்தைப் புரட்டினாள்.

"அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க இத்தனை பக்கமா? என் முன்னாடி வந்து நின்னாலே சொல்லிடுவேன், யாருக்கு என்னன்னு."

"என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்."

"பசி."

சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 20

ஸ்டேட்மென்ட், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித்தரும் பக்கம். முதல் வாக்கியத்தைப் பதினேழு தடவை எழுதியாயிற்று. "சிறு வயதிலிருந்தே மனித மனம் என்னை..." அடித்தேன். சிறு வயதில் நான் கிரேன் ஓட்ட ஆசைப்பட்டேன்.

என்னிடம் காட்ட என்ன இருக்கிறது? மதிப்பெண் பட்டியல் சுமார். கட்டுரை எதுவும் வெளிவரவில்லை. ஒன்றே ஒன்று: ஒன்றரை வருடம், முந்நூறு டேப், இணக்கம் 0.86. மற்றவர் குரலைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அதையே முதல் வாக்கியமாக்கினேன். செப்டம்பர் வரை என்று தேதியும் போட்டேன்.

நவம்பர் 5

பிரிண்டரில் என் பக்கத்தோடு இன்னொரு பக்கமும் வந்தது. கறாருடைய ஸ்டேட்மென்ட், கீழே அனுப்பும் இடங்களின் பட்டியல். என்னுடைய ஏழு இடங்களில் ஐந்துக்கு அவரும் போடுகிறார்.

அவர் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அவர் வந்து எடுத்துப் பார்த்தார். டீ குடிக்கிறார். குறுக்கெழுத்துப் போடுகிறார். இந்த ஆளுக்குப் பதற்றம் என்பதே கிடையாதா? இவர் எப்படி அடுத்தவர் பதற்றத்தை அளக்கிறார்?

நவம்பர் 14, வெள்ளி

0.66.

பேராசிரியருக்கு எழுதினேன். மூன்று வரி. கடைசி வரி: "கறாரின் எண்கள் இறங்கிவருகின்றன என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்" என்பது மரியாதைக்குப் போட்டது. நிச்சயமாக இருந்தேன்.

நவம்பர் 17

பேராசிரியர் நின்றபடியே பேசினார். எப்போதும் அப்படித்தான்.

"பழைய டேப் பன்னெண்டு தரேன். ரெண்டு பேரும் மறுபடி மார்க் போடுங்க."

"ரெண்டு பேருமா மேடம்?"

"ரெண்டு பேரும்தான்."

போன வருடம் நாங்கள் ஏற்கெனவே மதிப்பெண் போட்டவை. அன்று போட்ட எண்ணே இன்றும் வர வேண்டும். வராவிட்டால், மாறியது யார் என்று தெரிந்துவிடும். நல்லது. தெரியட்டும்.

நவம்பர் 28

ஐந்து விண்ணப்பங்கள் போய்விட்டன, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு. மீதி இரண்டுக்கு டிசம்பர் 15 கடைசி.

தாடை வலிக்கிறது.

டிசம்பர் 6, சனி

காலையில் அக்கா என்னை உலுக்கி எழுப்பினாள். நாங்கள் ஒரே அறை. அவள் வேலை பல் அச்சு எடுப்பது.

"என்னடி, நெறநெறன்னு அரைக்கிற? பக்கத்துல மாவு மில்லு ஓடற மாதிரி இருக்கு. மாசக்கணக்கா பொறுத்துட்டேன். எந்திரி, உன் பல்லுக்கு ஒரு உறை செஞ்சு மாட்டறேன்."

சமையலறையில் உட்காரவைத்து, பசையை நிரப்பிய தட்டை வாயில் திணித்தாள்.

"நல்லாத் தெற. ஃபோன்ல பேசறப்ப மட்டும் இவ்வளவு தெறக்குதே."

மத்தியானம் அச்சு காய்ந்தது. அவள் படிக்கும்போது பயிற்சிக்காக எடுத்த என் பழைய அச்சு ஒன்று அலமாரியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். பழையதில் கடைவாய்ப் பல்லில் சின்னச் சின்ன மேடுகள். புதியதில் தட்டை. இஸ்திரி போட்டது போல.

"ஓரம் பாரு, கூரா இருக்கு. இது புதுத் தேய்மானம். ஒரு மூணு மாச வேலை."

"எனக்குத் தெரியவே இல்லியே."

"அரைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல படுத்திருக்கறவகிட்டக் கேளு."

சிரித்தேன். பிறகு அந்த அச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம். இணக்கம் எப்போதிலிருந்து இறங்குகிறது?

செப்டம்பரிலிருந்து.

டிசம்பர் 8, திங்கள்

பன்னிரண்டு டேப். கறார்: பதினொன்றில் அதே எண். ஒன்றில் ஒரு புள்ளி கூட.

நான்: பன்னிரண்டிலும் ஏறியிருக்கிறேன். சராசரி 1.4.

அவர் இறங்கவில்லை. நான்தான் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக யார் பேசினாலும் எனக்கு நடுக்கமாகக் கேட்டிருக்கிறது. மூச்சு வாங்கினால் பயம். இருமினால் பயம். நடுங்கியது யார்? சீ.

அறுபத்து நான்கு டேப்பில் என் எண்கள் செல்லாது.

பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கடிதத்துல ஒரு வரி இருக்கு. என் ஆய்வகத்துலயே நிலையா மதிப்பிடறவங்க இவங்கதான்னு. செப்டம்பர் வரைக்கும் அது உண்மை. மீதி ரெண்டுக்குப் போறதுல அது இருக்காது."

"சரி மேடம்."

"மத்ததெல்லாம் இருக்கும்" என்றார்.

மற்றது என்றால் என்ன? நேரத்துக்கு வருவேன். அதுவா?

டிசம்பர் 10

கறாரிடம் சொன்னேன். மெயில் எழுதியது நான்தான் என்று.

"தெரியும். காரணம் இல்லாம யாரும் பழைய டேப்ப எடுத்துத் தர மாட்டாங்க."

"கோவமா இருக்கீங்களா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"மூணு."

"ஆறுக்கா?"

"ஆறுக்குத்தான். நேத்து நாலரை. ஆனா அரைப் புள்ளி போடக் கூடாதே."

டிசம்பர் 13

மீதி இரண்டுக்கும் 0.86 வாக்கியத்தை எடுத்தேன். எடுத்த இடம் பல் விழுந்தது போல இருந்தது. நாக்கு அங்கேயே போகிறது.

நடந்ததை எழுதினேன். சக ஊழியர்மேல் புகார் சொன்னேன்; சோதித்தபோது தவறு என் பக்கம் இருந்தது; இனி மதிப்பிடும் முன் என் நிலையையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. ஐந்து வரி. அக்கா படித்துவிட்டு, "இடம் குடுக்கறவன்கிட்ட உன்னயே போட்டுக் குடுக்கற" என்றாள். அழித்தேன். திரும்ப எழுதினேன். உறையை மாட்டிக்கொண்டு அனுப்பினேன். பகலிலேயே.

ஜனவரி 5

மதிப்பெண் தாளின் மேல்மூலையில் புதிதாக ஒரு பெட்டி. "மதிப்பிடுபவரின் பதற்றம், இன்று: 0–6." ஹெட்போன் மாட்டும் முன் நிரப்ப வேண்டும். பேராசிரியர் நான் சொன்னதைக் கேட்டுச் சேர்த்திருக்கிறார். யார் யோசனை என்று யாரிடமும் சொல்லவில்லை, நல்லவேளை.

முதல் நாள் என் பெட்டியில் 6.

பழைய டேப்புகளையும் திரும்பப் போடுகிறேன், நாளுக்கு ஒன்று. 41 மட்டும் எனக்கு வரவில்லை. கறாரின் எண் எனக்குத் தெரியும் என்பதால் வேறு ஒருவரிடம் போய்விட்டது.

பிப்ரவரி 11

இல்லை. இல்லை. "இவ்வருடம் தகுதியான விண்ணப்பங்கள் மிக அதிகம்." இல்லை.

பிப்ரவரி 19

அம்மா முன்பு தினமும் "ஏதாவது வந்துச்சா?" என்பாள். இப்போது கேட்பதில்லை. கேட்காமலிருப்பதைப் பெரிய சத்தத்தோடு செய்கிறாள். பாத்திரம் எல்லாம் அதிர்கிறது.

"கேட்டுடும்மா."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"அதான்."

"சரி, ஏதாவது வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப வந்து வெங்காயம் உரி."

மார்ச் 6

இரண்டு நேர்காணல்கள். ஒன்று நவம்பரில் அனுப்பிய ஐந்தில் உள்ள இடம், என் முதல் விருப்பம். இன்னொன்று டிசம்பரில் அனுப்பிய இரண்டில் ஒன்று. சின்ன இடம், தூரம், வருடத்துக்கு எட்டுப் பேர்.

சின்ன இடத்தில், நடந்த தவற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று பதிலை மனப்பாடம் செய்திருந்தேன். கேட்கவே இல்லை. "நாள் முழுக்கப் பயந்தவங்க குரலக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?" என்றார்கள். வெங்காயம் உரிப்பேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 20

முதல் விருப்பம்: காத்திருப்புப் பட்டியல். முதலாவது பெயர் நான். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் போதும். சின்ன இடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அந்த "யாராவது" யார் என்று மாலையில் தெரிந்தது. கறாருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. இன்னோர் இடத்திலும். ஏப்ரல் 15-க்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 10

நான் கேட்க மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

"எந்த இடம்?"

"தாள் குடுக்கறவரைக்கும் எண் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவும் மூடியது.

ஏப்ரல் 14

இந்த வருடத் தாள்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். என்னுடையவை, கறாருடையவை, இரண்டும். எண்களை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தேன். அவர் பெட்டிகளைக் கடைசியில்தான் பார்த்தேன்.

6. 6. 5. 6. 6. 6. ஒரு திங்கள்கிழமை 4, பக்கத்தில் சின்னதாக "தூங்கினேன்".

ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாளும். டீ. குறுக்கெழுத்து. 6.

கீழே டேப்புகளுக்கு அவர் போட்ட மதிப்பெண்கள் எல்லாம் சரியாக இருந்தன.

நான் அவரை இரண்டு வருடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். பூஜ்யம் என்று போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 15

"அங்கதான் போறேன்" என்றார் கறார். "பட்டியல்ல முதல்ல நீங்கதான் நிக்கிறீங்கன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா உங்க முகத்துல எழுதியிருக்கு."

"எத்தனை?"

"ஆறு."

வாழ்த்துகள் என்றேன். உண்மையாகவும் இருந்தது, உண்மையாக இல்லாமலும் இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவின் தலையணையில் முகத்தை அமுக்கி, கேவலமா அழுதேன். எனக்குத்தான் வந்திருக்கணும். எனக்கு. ஏன் அவருக்கு? — சரி. ஏனென்று தெரியும்.

ஏப்ரல் 23

டேப் அறைக்குள் ஃபோன் கூடாது. வெளியே வந்தபோது தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள். திரும்ப அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. நான்காவது முறை ஒரு பெண் எடுத்து, எட்டுப் பேரில் ஒருவர் விலகிவிட்டார், நீங்கள் வர முடியுமா, வெள்ளிக்குள் சொல்லுங்கள் என்றார்.

இப்போதே சொல்லலாமா என்று கேட்டேன்.

சின்ன இடம். தூரம். அந்த ஐந்து வரிக்காகவா, வெங்காயத்துக்காகவா, எட்டாவது ஆள் விலகியதாலா? கேட்கப் போவதில்லை.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். விசாரணை மேசையில் வரிசை நின்றிருக்க வேண்டும். "ஒரு நிமிஷங்க" என்று யாரிடமோ சொன்னாள். பிறகு அதே ஆளிடம், "என் பொண்ணுக்கு இடம் கிடைச்சிருக்கு" என்றாள்.

மே 30

அக்கா புது உறை செய்தாள், எடுத்துப்போக. பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பொத்தல் விழல. பரவாயில்ல, மில்லு லீவு விட்டுடுச்சு." பிறகு, "அங்க பக்கத்துல யாருடி படுப்பா, சொல்றதுக்கு?" என்றாள்.

ஜூன் 12, வெள்ளி

கடைசி நாள். எங்கள் இருவருக்கும்.

ஆறு மாத இடைவெளிக்குப் பிறகு அதே ஆட்களிடம் எடுத்த இரண்டாம் பேட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. காலையில் ஹெட்போனை மாட்டும் முன் பெட்டியில் 5 போட்டேன். நாளை மறுநாள் ரயில். அங்கே யாரையும் தெரியாது. அறைச் சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. 5 சரிதான்.

முதல் வாக்கியத்திலேயே குரல் தெரிந்துவிட்டது. லாரி ஓட்டுநர். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அதே சிரிப்பு. பத்து நிமிடம் கேட்டேன். திரும்ப ஒருமுறை கேட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு திருப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறுகுகிறது, பிறகு விட்டுவிடுகிறது. மற்றபடி ஜாலியான ஆள்.

2 போட்டுத் தாளைக் கொடுத்தேன்.

மாலையில் ஒப்பிட்டார்கள். கறாரின் பெட்டியில் 6. டேப்புக்கு 2.

ஹெட்போனைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். பக்கத்து அறையிலும் ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது.