நாற்பது மில்லிமீட்டர் உயரம்

மார்ச் 14, காலை 6.10, ஓடோமீட்டரில் 86,412 கிலோமீட்டர்.

அன்பு மகளே, நானும் அம்மாவும் சுகம், உன் இருமல் விட்டதா என்று முதலில் எழுது. போனில் சொல்லலாம், பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், விஷயமே அவளைப் பற்றியதுதான். நம் க்ரூஸர் பைக்கைப் பிரித்துக் கட்டினேன் அல்லவா. இருபது வயதில் நான் உனக்கு அப்பாவான வருடம் வாங்கியது. அப்போது இந்த வகை வண்டி என்றால் தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டிய கால், நேர் ரோட்டில் சோபாவில் சாய்ந்தது போலப் போவது, அவ்வளவுதான். வளைவில் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசிப் பொறி பறக்கும். இப்போது வருகிறவை அதே முரட்டு எஞ்சினோடு வளையவும் செய்கின்றன, சட்டென்று நிற்கவும் செய்கின்றன. நானும் முன்னால் இரண்டு டிஸ்க் பிரேக் போட்டேன், கால் வைக்கும் இடத்தை உடம்புக்கு நேர் கீழே கொண்டுவந்தேன், பின் ஷாக் அப்சார்பரை நாற்பது மில்லிமீட்டர் உயர்த்தினேன். நேற்று விடியலில் ஏரிக்கரை வளைவில் சாய்த்தேன், பனி, எஞ்சின் மெல்ல முனகுகிறது, ரோடு தானாகச் சுருண்டு என் கீழே வந்து படுத்துக்கொண்டது போல இருந்தது, எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று தெரியாது, தெரியாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவை ஏறச் சொன்னேன். அடுத்த மாதம் உன்னைப் பார்க்க இருவரும் இதில்தான் வருவதாக இருந்தோம். மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவள் வலது முழங்கால் முழுதாக மடங்காது, பின்சீட்டு அவளுக்கு எட்டவில்லை. மூன்று முறை முயன்றாள். எல்லாத்தையும் அளந்தீங்க, என் காலை அளந்தீங்களா என்றாள். அளக்கவில்லை. பழையபடி இறக்கிவிடுகிறேன் என்றேன். வேணாம், ஓட்டிட்டு வந்து நின்னப்ப உங்க மூஞ்சில இருந்த சந்தோஷத்தப் பாத்தேன், நீங்க மட்டும் போய்ட்டு வாங்க என்று உள்ளே போய்விட்டாள். பத்தொன்பது வருடம் என் முதுகுக்குப் பின்னால் வந்தவள். சாயங்காலம் ஷெட்டை எட்டிப் பார்த்தால், ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அது இன்னமும் தாழ்வுதான், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன. ஹாண்டில்பாரைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள். எங்கே போகிறாய் என்றேன். பேசாதீங்க, வளைவு வருது என்றாள்.

நல்லா இரு, நினைத்தது கைகூடட்டும். ஈரத் தலையோடு வகுப்புக்கு ஓடாதே.

இப்படிக்கு,
உன் அவசரக்கார அப்பா

இனி செய்யப்போவது:
1. அம்மாவுக்கு லைசென்ஸ். விண்ணப்பம் இன்றைக்கே.
2. ஷாக் அப்சார்பர் அப்படியே இருக்கும். பின்சீட்டுக்கு, என் எடையைத் தாங்குகிற மாதிரி ஒரு கைப்பிடி.
3. உன்னிடம் வருவதை இரண்டு மாதம் தள்ளிவைப்பது. கோபித்துக்கொள்ளாதே.
4. வழி நெடுக, பிரேக் பிடி என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் பின்னால் உட்கார்ந்து வருவது. இதற்குத்தான் பயிற்சி வேண்டும்.