வில்லனுக்குப் பொருள் சொன்னவருக்கு

காலையிலிருந்து சாரல். அலமாரியைத் திறந்ததும் பூசண வாடை குப்பென்று வந்தது. உங்கள் ஆங்கில அகராதிதான். அதைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும்.

மற்ற ஆண்கள் சீட்டாடினார்கள், சினிமா பார்த்தார்கள். நீங்களோ தென்காசிக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை முடிந்து வந்ததும், வெள்ளைக்காரன் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், அவன் விட்டுப்போன வசவுகளுக்குப் பூர்வீகம் தேடுவீர்கள். 'சில்லி' என்றால் இப்போது அசடு, ஒரு காலத்தில் பாக்கியசாலியாம். 'நேவ்' என்றால் இப்போது அயோக்கியன், அப்போது வெறும் பையனாம். உலை கொதிக்கிற நேரத்தில் அடுக்களை வாசலில் நின்று சொல்வீர்கள். எனக்கு எதற்கு அது?

என்னை விடுங்கள். உங்கள் தங்கையைப் பெண் பார்க்க ஆய்க்குடியிலிருந்து வந்தவர்களுக்கு எதற்கு? மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஏகப்பட்ட வயல். இங்கிலீஷ் பேசுவதில் அதைவிடப் பெருமை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து இறங்கியவர், வழி தவறிய டிரைவரை நம் வாசலில் வைத்தே, "வில்லன்! சுத்த வில்லன்!" என்று ஏசினார். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே வேண்டாம் என்று ஜாடை காட்டினேன்.

"அண்ணாச்சி, வில்லன்னா ஆதியில பண்ணையில பாடுபடுதவன்னுதான் அர்த்தம். அப்படிப் பாத்தா நீங்களும் வில்லன், எங்க அப்பாவும் வில்லன்."

"என்ன வேய், சம்பந்தம் பேச வந்த எடத்துல என்னைய வில்லன்ங்கீரு?"

சமாதானம் சொல்ல வேண்டிய நேரத்தில் நீங்கள் அகராதி எடுக்க உள்ளே ஓடினீர்கள்! திரும்பி வருவதற்குள் கார் போய்விட்டது.

"உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன்.

"கிறுக்குதல்னா எழுதுததுல்லா? பைத்தியத்துக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சு?" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

உங்கள் தங்கை அழுதுகொண்டிருப்பாள் என்று உள்ளே போனேன். வந்தவர்களுக்குக் கிண்டிய கேசரியைத் தின்றுகொண்டிருந்தாள். "டிரைவர அந்த ஏச்சு ஏசுதாரே மைனி, நாளைக்கு என்னைய மட்டும் விட்டுருவாராக்கும்?" என்றாள். மறு வருஷம் இலஞ்சியில் அவளுக்கு நல்ல இடம் அமைந்தது. அதையும் உங்கள் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்களே, அது தனி எரிச்சல்.

நேற்றும் பால்காரன் தண்ணீர் கலந்திருந்தான். "படுவா..." என்று வாயெடுத்தேன். படுவா எங்கிருந்து வந்த சொல்? அங்கேயே நின்றுவிட்டேன். யோசித்து முடிப்பதற்குள் கோபமும் போய்விட்டது, அவனும் போய்விட்டான். நிம்மதியாக ஒருத்தனை ஏசக்கூட முடியாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டீர்களே.