பக்கத்துக் கூண்டில் கனடா

2005 ஆவணி, வெள்ளி இரவு. வேலணை.

என் ஆய்வுக்காகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கம்பியில்லா வலையமைப்பில் இன்றும் அதே கதைதான். ஒரே அலைவரிசையைப் பங்கிட வேண்டிய இணைப்புகள், ஒன்றை ஒன்று மிஞ்சச் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகின்றன. கடைசியில் ஒன்றுக்கும் கேட்பதில்லை. என் ஆய்வைப் பார்க்கும் பேராசிரியரிடம் தொலைபேசியில் கேட்கலாமென்று கொமினிகேஷன் கடைக்குப் போனேன்.

பக்கத்துத் தொலைபேசிக் கூண்டில், சாட்டிப் பக்கமிருந்து வரும் திரேசா அக்கா, கனடாவிலிருக்கும் மகனோடு கத்திக்கொண்டிருந்தார். பேராசிரியருக்குக் கேட்கவேண்டுமென்று நானும் கத்தினேன். அவர் இன்னும் கூட்டினார். பேராசிரியர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. கோபத்தில் கூண்டுகளுக்கு நடுவிலிருந்த பலகையில் தட்டப் போன கை அப்படியே நின்றது. என் கணினியில் நடப்பதும் இதுதானே!

“அக்கா, நான் மெல்லக் கதைக்கிறன். நீங்களும் குறைச்சுப் பாருங்கோ.”

“கனடா, பிள்ளை! மெல்லக் கதைச்சாக் கேக்குமே?”

“ஓம், கேக்கும்.”

குறைத்தார். இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

பக்கத்து இணைப்பின் இரைச்சல் குறையக் குறைய, தன் சக்தியையும் குறைக்கும் விதியை நாளை எழுதிப் பார்க்க வேண்டும். இந்த முறை சரிவரும் போலிருக்கிறது.

வெளியே வந்த திரேசா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“பெடியன் கேக்கிறான் பிள்ளை, ‘அம்மாக்கு இண்டைக்கு என்னில கோவமில்லையோ’ எண்டு.”